கரடிக்கு இரண்டு நாழி தவிடு

திருநெல்வேலியில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “தனியாவா வந்திருக்கிய?” ஆட்டோக்காரர் கேட்டார். டீக்கடையில் பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். விடுதி மேலாளர் கேட்டார். கேட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டியும் பார்த்தார். நாலாவதாக, அறைக்கு வாளி கொண்டுவந்தவர் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. “இல்லை, கூட ஒரு கரடி வந்திருக்கிறது” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாளியை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. என் கைப்பைக்குள் ஒரு பழைய செப்புத் தாயத்து இருந்தது. அதற்குள் கரடி முடி இருக்கிறது. அது என் தகப்பனார், அத்தாவுடையது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மைமூன், வயது ஐம்பத்தெட்டு. பினாங்கில் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. வீட்டில் நானும் அத்தாவும், அவரைப் பார்த்துக்கொள்ளும் இந்தோனேசியப் பெண் சூர்யானியும்தான். அத்தாவுக்கு எண்பத்தாறு வயது. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் அவரைக் கரடி காதர் என்று சொன்னால்தான் தெரியும்.

காரணம், அவரே சொல்லிவந்த கதை. பாபநாசம் மலையில் ஒரு பெண் கரடி அவரை எடுத்து வளர்த்ததாம். அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குவாராம். அது தன் பாதத்தைச் சப்பிக்கொண்டே ‘ஊம்ம்... ஊம்ம்...’ என்று இழுக்குமாம், அதுதான் தாலாட்டாம். பிறகு மேலப்பாளையத்துக் கைலி வியாபாரி ஒருவர் அவரைக் கப்பலில் பினாங்குக்கு அழைத்து வந்தாராம். அம்மா முகம் நினைவில்லை, அப்பா முகம் நினைவில்லை, கரடி வாடை மட்டும் மறக்கவில்லை என்பார். சின்ன வயதில் என்னைத் தூங்கவைக்க அவர் பாட்டுப் பாடியதில்லை. அந்த ஊம்ம்தான்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் ‘கரடி மகள்’ என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, வீட்டில் விருந்தாளிகள் இருந்த நேரத்தில், அவர் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார். நான் எல்லார் முன்னாலும் கத்தினேன். “கரடியாவது மண்ணாங்கட்டியாவது! உங்க அம்மா உங்களைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அதை மறைக்கத்தான் இந்தக் கதை!” அன்றோடு அத்தா கரடிக் கதையை நிறுத்திவிட்டார். என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்பது வருடமாக அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானார். ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஏட்டி மைமூன், எங்கம்மா என்னை நெசமாவே தூக்கிப் போட்டுட்டாளா?” கஞ்சிக் கிண்ணம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவர் தலைக்குள் வைத்தவள் நான். அதற்குப் பதில் தேடிக் கொண்டுவர வேண்டியவளும் நான்தான். தாயத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கிளம்பி வந்துவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது பங்காளி மாதிரிதான், ஆனால் கோபக்காரப் பங்காளி. எண்ணெயில் பொரித்து, கையால் நொறுக்கி, சால்னாவை அதன் தலையிலேயே கொட்டிவிடுகிறார்கள். பினாங்கில் தனியாக உட்கார்ந்தால் யாராவது வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இங்கே நான் தனியாக இருந்ததால் ‘குடும்பத்தினர் அறை’ என்று எழுதியிருந்த ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்தார்கள். நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி, நான். பரிமாறியவர் அப்போதைக்கு அப்போது தலையை நீட்டி “இன்னும் யாராவது வரணுமா?” என்று கேட்டார். வரவேண்டியவர்கள் யாரும் இல்லை என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஒன்று மட்டும் சந்தோஷமாக இருந்தது. பினாங்கில் நாங்கள் எந்த மொழி பேசினாலும் வாக்கியத்தின் வாலில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும். இங்கேயும் “தெரியும்லா”, “சொன்னேம்லா” என்கிறார்கள். பக்கத்துப் பெட்டியில் யாரோ “அப்படித்தாம்லா” என்றபோது அத்தா குரல்தான் என்று சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். மரப் பலகைதான் இருந்தது.

மறுநாள் மேலப்பாளையம். அத்தாவைக் கப்பலில் கூட்டிவந்த வியாபாரியின் பேரன் மீரான் பாய் அங்கே கைலிக் கடை வைத்திருக்கிறார். எழுபது வயது, பஞ்சு போல் தாடி. நான் யார் என்று சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். “கரடி காதர் மகளா? யா அல்லா! வாங்க தங்கச்சி, வாங்க.” உள்ளே பார்த்து நன்னாரி சர்பத்துக்குக் குரல் கொடுத்தார். கேட்கத்தான் செய்தார், “தனியாவா வந்திருக்கிய?” என்று. அவரிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

“பாய், அத்தாவை உங்கள் பாட்டனார் எந்தக் காட்டில் கண்டெடுத்தார்?” என்று நேராகக் கேட்டேன்.

“காடா? என்னத்தக் காடு?” என்று விழித்தார். “அம்பாசமுத்திரம் சந்தையில இல்லா பாத்தாவ! எங்க பாட்டனாரு கைலி விக்கப் போன எடத்துல ஒரு கரடிக்காரன் காய்ச்சல்ல கெடக்கான். பக்கத்துல மூக்குல கயிறு போட்ட கரடி. அது வயித்துல சாஞ்சு ஏழு வயசு பய ஒருத்தன் தூங்குதான். கரடிக்காரன் சொல்லிருக்கான், ‘நான் இனி பிழைக்க மாட்டேன், இந்தப் பயலைக் கொண்டுபோயி நல்லபடி வையுங்க’ன்னு. பாட்டனாரு மறாநாளே பயலைக் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினத்துக்குப் போயிட்டாவ. கப்பலுக்கு நேரமாச்சு.”

மூக்கில் கயிறு போட்ட கரடி. அத்தாவின் காட்டுக் கரடி, வீடு வீடாக வித்தை காட்டிய கரடியாகிவிட்டது. நாற்பது வருடமாகப் பொய் என்று சொல்லிவந்த கதை பொய்யாகத்தானே ஆகியிருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அழுகை முட்டியது. அந்தக் காட்டை நானும் எங்கேயோ நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

“கரடிக்காரன் பிள்ளையா, பாய்?”

“இல்ல தங்கச்சி. அம்பாசமுத்திரத்துக்கு மேக்க ஒரு ஊர்ப் பிள்ளை. ஊர்ப் பேரையும் சொல்லிருக்கான். ‘அந்த ஊர்ப் பக்கம் நான் அஞ்சு வருசமாப் போறதில்ல. போனா பிள்ளையைத் திருப்பிக் கேட்டுருவாவ, குடுக்க எனக்கு மனசில்ல’ன்னு அழுதிருக்கான். ஊர்ப் பேரு தெரிஞ்சா பய ஓடிருவான்னுதான் உங்க அத்தாகிட்ட யாரும் சொல்லலையோ என்னவோ. பாட்டனாரும் சீக்கிரமே மவுத்தாயிட்டாவ. எல்லாம் நசீபு, தலையெழுத்து.”

திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்றால், கேட்க யாரோ இருந்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். மத்தியானம் இலைச் சாப்பாட்டில் சொதி ஊற்றினார்கள். தேங்காய்ப் பாலும் இஞ்சியுமாக, உடம்புக்கு முடியாதவர்களுக்காகவே கண்டுபிடித்த குழம்பு போலிருந்தது. அத்தாவுக்கு ஒரு கரண்டி கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மூன்றாம் நாள் காலை செங்கோட்டைப் பாசஞ்சரில் அம்பாசமுத்திரம் போனேன். சேரன்மகாதேவியில் எதிர் வண்டிக்காக நிறுத்திவிட்டார்கள். எதிர் இருக்கையில் இரண்டு பேர் ஒரு கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓநாய் வளத்த பயலாம் வே. நாலு கால்ல ஓடுதான், பாரும்.”

“வீடியோ யாரு எடுத்தா?”

“அது தெரியல.”

“ஓநாய்தான் எடுத்திருக்கும்” என்றார் இரண்டாமவர். பெட்டியே சிரித்தது.

நானும் சிரித்தேன். இப்படிப்பட்ட கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். வேறென்ன செய்வேன், கரடி மகளாயிற்றே. குரங்கு வளர்த்த பெண், ஓநாய் வளர்த்த பையன், எல்லாவற்றிலும் கண்டெடுத்தவர் யார் என்று இருக்கும். தொலைத்தவர் யார் என்று இருக்காது. அந்தப் பிள்ளை இல்லாத வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதவில்லை.

அம்பாசமுத்திரத்தில் ஒரு விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, வெல்லப் பாகில் புரட்டிய மனோகரம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு இலவசம் என்று நடத்துநர் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். “நான் மலேசியா, எனக்குச் செல்லாது, காசு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று நீட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன், மலேசியாவுல பொம்பளைன்னா பொம்பளை இல்லையா? உள்ள போங்கம்மா.” முப்பது வருடம் வகுப்பறையை அடக்கியவள், வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜன்னல் காற்றில் கண்ணயர்ந்துவிட்டேன். இறங்கவேண்டிய ஊர் போய்விட்டது. விழித்தபோது வண்டி பாபநாசத்தில் நின்றிருந்தது, எல்லாரும் ஆற்றுப் படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மலை மிகவும் பக்கத்தில் இருந்தது. அத்தா சொன்ன மலை. ஒரு படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன், அவ்வளவுதான். ஒரு குரங்கு வந்து பிடுங்கிக்கொண்டது. வயிற்றில் குட்டி தொங்கியது. நான் போட்ட கூச்சலில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். “விடுங்கம்மா, பிள்ளைக்காரி. அவளுக்குத்தான் பசி சாஸ்தி.” குரங்கு மேல்படியில் உட்கார்ந்து, பார்வையை என்மேலேயே வைத்துக்கொண்டு, மனோகரம் முழுவதையும் தின்றது. குட்டியை ஒரு கையால் அணைத்திருந்தது. விட்டுவிட்டுத் தின்னலாம், இரண்டு கையும் மிச்சமாகும். விடவில்லை.

அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து அந்த ஊரில் இறங்கினேன். ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று அந்த வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆகையால் எழுதவில்லை. வாய்க்கால், வயல், ஒரு டீக்கடை. டீக்கடைக்காரரிடம் “ரொம்பக் காலத்துக்கு முன்னால் இந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளையைக் கரடிக்காரன் கொண்டுபோனானாமே, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்றேன். பைத்தியமா என்ற பார்வைதான் வரும் என்று எதிர்பார்த்தேன்.

“பிள்ளையை எனக்குத் தெரியாதும்மா” என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. “ஆனா கரடிக்குத் தவிடு வைக்கிற வீடு ஒண்ணு இருக்கு. ரைஸ் மில்லுக்காரர் சுப்பையா அண்ணாச்சி வீடு. வாய்க்காப் பாலத்துக்கு அங்கன. பைய போங்க, பாலத்துல கைப்பிடி கெடையாது.”

மில்லை ஒட்டியே வீடு. வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பானை நிறையத் தவிடு இருந்தது. அதன்மேல் ஒரு நாழி கவிழ்த்து வைத்திருந்தது. படியை விடச் சிறிய பழைய அளவைப் பாத்திரம் அது, விளிம்பு தேய்ந்து பளபளத்தது. அண்ணாச்சியின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். “இது எதற்கு?” என்று கேட்டேன். “கரடிக்கு” என்றாள் மிகச் சாதாரணமாக, கோழிக்கு என்பதுபோல.

சுப்பையா அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயதிருக்கும். உமி ஒட்டிய பனியனோடு வந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. தாயத்தை எடுத்துக் காட்டினேன். அதைத் தொடவில்லை.

“நெலத்துக்கு வந்திருக்கியளா?” என்றார்.

“எந்த நிலம்?”

“ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்கிய. வெளிநாட்டுல இருந்து சொந்தம்னு வாரவுக எல்லாரும் அதுக்குத்தான வாராவ.”

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “உங்கள் நிலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எங்கள் அத்தாவைப் பெற்றவள் அவரைத் தூக்கிப் போட்டாளா, இல்லையா? அங்கே ஒரு கிழவர் சாகாமல் காத்துக்கொண்டிருக்கிறார்!” என்றேன். குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ உள்ள போ” என்று அவளை அடக்கிவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று அவரும் மில்லுக்குள் போய்விட்டார். நான் என் தொலைபேசி எண்ணையும் தங்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, தவிட்டுப் பானைமேல் இருந்த நாழிக்கடியில் செருகிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்பாசமுத்திரம் விடுதி அறையில் உட்கார்ந்திருந்ததுபோல் நான் எங்கேயும் தனியாக உட்கார்ந்ததில்லை. ஜன்னலுக்குக் கீழே குடும்பம் குடும்பமாக ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். ஒரு பெண் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டாள். எனக்குத் திட்டக்கூட யாரும் இல்லை. பினாங்குக்குக் கூப்பிட்டேன். சூர்யானி மலாயில் சொன்னாள்: “தாத்தா இன்று சாப்பிடவில்லை. ஊம்ம், ஊம்ம் என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார்.” வலி இல்லை, அது பாட்டு என்று அவளுக்குச் சொன்னேன்.

நாலாம் நாள் காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றேன். யாரோ “யம்மா, மலேசியாக்காரம்மா” என்று கூப்பிட்டார்கள். சுப்பையா அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தார்.

“ராத்திரி முழுக்க ஒறங்கல” என்றார். “வீட்டுக்கு வாங்க. அந்தத் தாயத்து எங்கம்மா சொன்ன தாயத்துதான். நான் பயந்துட்டேன். நெலத்துக்கு இல்ல. எங்கம்மா செஞ்ச காரியத்துக்கு ஒரு நாளு யாராவது வந்து கேள்வி கேப்பாவன்னு எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே பயம்.”

அவர் வீட்டில், தவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் அவர் அதைச் சொன்னார்.

அத்தாவைப் பெற்றவளும் சுப்பையா அண்ணாச்சியின் அம்மாவும் அக்கா தங்கை. அக்காவான அத்தாவின் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்துப்போயின. நாலாவது அத்தா. இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். விற்பது போல் ஒரு நடிப்புதான். பிள்ளை பெற்றவளுடையது இல்லை, வெறும் ஒரு நாழி தவிடு பெறும் பிள்ளை என்று சாவை ஏமாற்றுவதற்கு. பக்கத்து வீட்டுக்காரியிடம் விற்பார்கள், வண்ணாத்தியிடம் விற்பார்கள். அத்தாவின் அம்மாவுக்கு அதெல்லாம் போதவில்லை. மூன்று பேரைக் கொண்டுபோன சாவு, பக்கத்து வீட்டில் தேடாதா? அறுப்பு முடிந்து ஊருக்குள் கரடிக்காரன் வந்தபோது, முறத்தில் பிள்ளையைக் கிடத்திக் கரடிக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

“கரடி மோந்து பாத்துச்சாம்” என்றார் சுப்பையா அண்ணாச்சி. “ஊரே நிக்குது, பிள்ளை அழல. கரடிக்காரன் ஒரு நாழி தவிடு குடுத்து வாங்கி, முடியை உருவித் தாயத்துல அடைச்சுக் கட்டிவிட்டு, திரும்ப அம்மாகிட்டயே வளக்கக் குடுத்துட்டுப் போயிருக்கான். அஞ்சு வயசுல ரெட்டிப்பாத் தவிடு, ரெண்டு நாழி, குடுத்து மீட்டுக்கிடணும். அதுவரைக்கும் அவ யாரு முன்னாலயும் அவனை ‘எம் மகன்’னு சொல்லமாட்டாளாம். ‘கரடிப் பிள்ளை, நான் சும்மா பாத்துக்கிடுதேன்’ம்பாளாம். சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டுக் கொஞ்சுவாளாம். எங்கம்மா சொல்லுவா.”

கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சியவள். அவளைத்தான் நான் விருந்தாளிகள் முன்னால் அப்படிச் சொன்னேன்.

“அப்புறம்?”

“அவனுக்கு ரெண்டு வயசுல ஊருல வாந்திபேதி. ஒரே வாரத்துல அப்பனும் ஆத்தாளும் போயிட்டாவ. எங்கம்மா பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டா. அவளுக்கு அப்ப இருவது வயசு, மொதப் பிள்ளை வயித்துல. மாமியாரு விடல. ‘மூணு பிள்ளையும் போச்சு, பெத்தவுகளும் போயாச்சு, இது கரடிக்கு வித்தது, மீக்காத சாமானை வீட்டுல வச்சா நம்ம வயித்துப் பிள்ளையும் போயிரும்’னு ஒத்தக் கால்ல நின்னுருக்கா. அந்த வருசம் கரடிக்காரன் வந்தான். ‘உன் பிள்ளை, நீ கொண்டு போ’ன்னு குடுத்துட்டாவ. அவன் வேண்டாம்னுருக்கான். வெளையாட்டுக்குச் செஞ்சதுன்னுருக்கான். யாரும் கேக்கல.” அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ரெண்டு நாழி தவிடும்மா. அதைக் குடுத்திருந்தா பிள்ளை இங்கனயே இருந்திருக்கும். மாட்டுக்கு அள்ளிக் கொட்டுத தவிடு. எங்கம்மா தூணைப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டா. வாயைத் திறக்கல.”

அடுத்த வருடம் அவள் இரண்டு நாழி தவிட்டை அளந்து வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம், மாமியார் என்ன சொன்னாலும் சரி என்று. கரடிக்காரன் வரவில்லை. கேட்டுவிடுவார்கள் என்று பயந்து அவன் வேறு பாதையில் போனது மேலப்பாளையத்தில் மீரான் பாய்க்குத் தெரியும், இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அறுப்புக்கு அறுப்பு புதுத் தவிடு மாற்றி, சாகும்வரை வைத்தாள். அவள் செத்து இருபது வருடம் ஆகிறது. மகன் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் அம்மா, அத்தாவின் அம்மாவோடு பிறந்தவள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்னம்மா மகன் அத்தாவுக்குத் தம்பி. எனக்கு இவர் சித்தப்பா. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சித்தப்பா கிடைப்பார் என்று யார் நினைத்தது?

அப்போதே பினாங்குக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். சூர்யானி கைபேசியை அத்தாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சித்தப்பாவின் மனைவி, இனி எனக்குச் சித்தி, இங்கே என் கைபேசியைப் பிடித்துக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் விடாமல். முறம், கரடி மோந்து பார்த்தது, சாத்திய கதவு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பித்தளைப் பானை. அத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன்.

“ரெண்டு நாழியா?” என்றார்.

“ஆமாம் அத்தா. எண்பது வருடத்துக்கு மேலாக வாசலில் இருக்கிறது.”

சித்தப்பா எழுந்தார். நாழியை எடுத்துத் தவிட்டை அளந்தார். “கரடி வரல, கரடிக்காரன் வரல. கரடிப் பிள்ளை மக வந்திருக்கா. நீயே வாங்கிக்கோ தாயி” என்று என் துப்பட்டாவில் கொட்டினார். ஒன்று. இரண்டு. பிறகு கைபேசியைப் பார்த்து, குரல் உடைய, “அண்ணே, மீட்டாச்சு. நீங்க எங்க வீட்டுப் பிள்ளை” என்றார். கை கூப்பினார்.

அத்தா அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. நானும் தவிட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். “அத்தா, அன்றைக்கு நான் சொன்னது பாவம். உங்க அம்மா உங்களைப் போடவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்” என்றேன்.

“நீ சொல்லுத வரைக்கும், எனக்கு அம்மான்னு ஒருத்தி இருந்திருப்பான்னே தோணினது இல்லட்டி” என்றார். “கரடி மட்டுந்தான். நீ சொன்னதுக்கு அப்புறந்தான் அவளைத் தேட ஆரம்பிச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி. எங்கம்மா என்னை வேண்டாம்னு சொல்லல. சின்னம்மாவும் தேடியிருக்கா. கரடிக்காரனும் குடுக்க மாட்டேன்னுருக்கான். எல்லாருக்கும் நான் வேணும்னுதான் இருந்திருக்கு.”

“ஆமாம் அத்தா.”

“அந்தக் கரடி? கைலி முதலாளி என்னைக் கூட்டிட்டுப் போகையில அது ஒறங்கிக்கிட்டு இருந்துச்சு. எழுப்புனா அழுவேன்னு எழுப்ப விடல. நான் சொல்லாமத்தான் வந்தேன். காலையில எந்திச்சு, என்னைத் தேடியிருக்கும்லா?”

அத்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘ஊம்ம்... ஊம்ம்...’ என்று மெதுவாக இழுக்க ஆரம்பித்தார். சூர்யானி கைபேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டாள். சத்தம் மட்டும் இந்த வீட்டு வாசலில் கேட்டுக்கொண்டிருந்தது. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் நான் கிளம்பினேன். சித்தப்பா பாலம் வரைக்கும் வந்தார். கைப்பிடி இல்லாத பாலம், என் கையைப் பிடித்துக் கடத்திவிட்டார். மறுகரையில் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மகளே, மீட்டாச்சுலா. இனி வாசல்ல தவிடு வைக்க வேண்டாம்தான?”

“வையுங்கள் சித்தப்பா” என்றேன். “கரடிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.”